கண் மாறவில்லை, நோட்டுதான் மாறியது: ‘சமூக மாதிரி’ என்றால் என்ன?

கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் சீனியர் ஒருவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான்கு வயதிலிருந்து அவருக்குப் பார்வை இல்லை. இப்போது மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். 2016 தீபாவளி வரைக்கும் காசு விஷயத்தில் அவர் யாரையும் நம்பி நின்றதில்லை. நோட்டை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடுக்கில் விட்டுப் பிடிப்பார். விரலில் எந்த ரேகை வரைக்கும் வந்து முட்டுகிறது என்பதுதான் கணக்கு. ‘இது அம்பது, இது நூறு’ என்று சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல் பிரித்துப் போடுவார். டீக்கடையில் மிச்சக் காசு எண்ணி வாங்குவதில் என்னைவிட வேகம்.

அந்த வருடம் நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி பழைய 500, 1000 செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகு வந்த புது நோட்டுகளோடுதான் அவருக்குத் திண்டாட்டம் தொடங்கியது. கொஞ்சம் மில்லிமீட்டர் கணக்கு பார்க்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர். 500 ரூபாய் 167. 1000 ரூபாய் 177. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். விரல் தெளிவாகச் சொல்லிவிடும். புது வரிசையில் 100 ரூபாய் 142; 200 ரூபாய் 146; 500 ரூபாய் 150. வித்தியாசம் நான்கே மில்லிமீட்டர், ஒரு அரிசி நீளம்கூட இல்லை. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான், 66. போதாக்குறைக்கு அப்போது கையில் புழங்கிய பழைய 20 ரூபாய் 147-க்கு 63. 2017-இல் வந்த 200 ரூபாய் 146-க்கு 66. இருபதுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்தான்! ஒரு நாள் ஷேர் ஆட்டோவுக்கு இருபது என்று நினைத்து இருநூறை நீட்டியிருக்கிறார். டிரைவர் நல்ல மனிதர். “சார், நல்லாப் பாத்து...” என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாராம்.

ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடு போட்டிருக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான்: 100-க்கு நான்கு கோடு, 200-க்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும், 500-க்கு ஐந்து கோடு. நோட்டு சலவையாக இருக்கும்வரை சரி. மீன் மார்க்கெட்டில் நாலு கை மாறி, மடியில் வியர்வையில் ஊறி வந்த நோட்டில் மேடு ஏது, பள்ளம் ஏது?

2016 தீபாவளிக்குக் காசு எண்ணத் தெரிந்தவருக்கு 2018 தீபாவளிக்குத் தெரியாமல் போனது எப்படி? கண் இன்னும் கெட்டுவிட்டதா? “கெடுறதுக்கு அதுல என்ன தம்பி மிச்சம் இருக்கு” என்று அவரே சிரிப்பார். கண் அதே கண்தான், நோட்டுதான் மாறியது.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள உதவும் கருத்துக்குத்தான் ‘சமூக மாதிரி’ என்று பெயர். பெயரில் கொஞ்சம் பாடப்புத்தக வாடை அடிக்கும், விஷயம் எளிது. இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். உடம்பில் இருப்பது குறைபாடு. அந்தக் குறைபாட்டோடு வெளியே வருகிறவரை, ஊரும் உலகமும் அமைந்திருக்கிற விதம் முடக்கிப் போடுகிறதே, அது இயலாமை. குறைபாடு கண்ணில் இருக்கிறது. இயலாமை நோட்டில், நடைபாதையில், பஸ்ஸில், விண்ணப்பப் படிவத்தில், சில நேரம் நம் வாயில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘பாவம், கண்ணு தெரியாது, என்ன செய்வார்’ என்று முடித்துவிடுவது நமக்கு வழக்கம். பிரச்சினை முழுக்க ஆளுக்குள்ளேயே இருக்கிறது, ஆளைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இந்தப் பார்வையை ‘மருத்துவ மாதிரி’ என்கிறார்கள்.

முதலில் இதைப் பேசியவர்கள், முடக்கப்பட்டவர்களேதான். 1970-களில் பிரிட்டனில் உடல் ஊனமுற்ற சிலர், தங்களை விடுதிகளில் ஒதுக்கி வைப்பதை எதிர்த்துச் சங்கம் சேர்ந்தார்கள். 1976-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில்தான் குறைபாடு வேறு, இயலாமை வேறு என்ற பிரிப்பு தெளிவாக வந்தது. ‘சமூக மாதிரி’ என்ற பெயரை 1983-இல் வைத்தவர் மைக் ஆலிவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்த சமூகவியலாளர்.

மதுரைக்காரர்களுக்கு 1976 வேறொரு காரணத்துக்காக முக்கியமான வருடம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயது டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கே ஆரம்பித்த வருடம் அது. கண்புரை அறுவையைக் குறைந்த செலவில், இல்லாதவர்களுக்கு இலவசமாக, ஓயாமல் செய்து காட்டி உலகமே வந்து பார்க்கிற இடமானது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை ஏழைக்கு எட்டாமல் இருந்தபோது, 1992-இல் ‘அரோலேப்’ தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். மருத்துவ மாதிரியைக் குறை சொல்ல இந்த ஊரில் எவருக்கும் வாய் வராது, எனக்கும் வராது. எங்கள் அப்பத்தா புரை எடுத்துக் கட்டைப் பிரித்த அன்று, “சுவத்துல இம்புட்டு அழுக்கா இருக்கு” என்று வீட்டைத் திட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கண்ணுக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்கு நேர்ந்துகொண்டு கண்மலர் வாங்கிச் சாத்துவது இன்னொரு பக்கம். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். இரண்டிலும் கேட்பது ஒன்றுதான்: கண்ணைத் திருப்பிக் கொடு. திரும்பினால் சந்தோஷம். திரும்பாது என்று டாக்டர் கையை விரித்த மறுநாள் என்ன? அங்கேதான் நம் ஊருக்கு யோசனை நின்றுபோகிறது. ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று நாலு பேர் சொல்வார்கள். பையன் என்றால் திண்ணையில் உட்கார வைப்பார்கள், பெண் பிள்ளை என்றால் அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது, அறுபது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறது. அந்த வருடங்களுக்கு வேண்டிய படிப்பு, தொழில், நடமாட்டம் பற்றி யோசித்தவர்களில் பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னாவும் ஒருவர். மதுரை சுந்தரராஜன்பட்டியில் இருக்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-இல் தொடங்கியவர் அவர்தான்.

டாக்டர் வெங்கடசாமி கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மருத்துவமனை எழும்புவதற்கு முந்தியது. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவர் விரல்களெல்லாம் கோணிப்போயின. கோணிய விரல் கோணியபடியேதான் இருந்தது. அந்தக் கைக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் புதிதாகப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். கை மாறவில்லை, கருவி மாறியது. சமூக மாதிரிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை.

பார்வையற்றவர் என்றால் யார் என்பதிலேயே நமக்குக் குழப்பம் உண்டு. முழு இருட்டு என்று நினைக்கிறோம். சட்டம் சொல்வது அப்படி இல்லை. கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் குறைவாக இருந்தால் பார்வையின்மை. அதாவது மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் 3 மீட்டரில் நின்றால்கூடப் பார்க்க முடியாது. அல்லது, பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலும் பார்வையின்மைதான். இந்த இரண்டாவது வகையைத்தான் ஊர் புரிந்துகொள்வதே இல்லை. அடுப்பு ஊதுகிற ஊதாங்குழலைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். எதிரே உள்ள பேப்பரைப் படிக்கலாம், காலடியில் கிடக்கும் கல் தெரியாது. இப்படி ஒருவர் வெள்ளைக்கோலோடு வந்து பஸ் ஸ்டாண்டில் போனை எடுத்துப் பார்த்தால், “நல்லாத்தான் தெரியுது, நடிக்கிறான்” என்று பின்னால் குரல் வரும். கோல் பிடித்தவர் போன் பார்த்தால் நடிப்பு, கோல் இல்லாமல் இடித்துவிட்டால் “கண்ணு தெரியலையா?” என்ற வசவு. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் கிடைக்கும்.

ஊர் அமைப்பு விஷயத்தில் மதுரை பழைய டவுன் உண்மையில் பார்வையற்றவருக்குத் தோதான ஊர். கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, அப்புறம் வெளி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. ஒரு தடவை மனசில் படம் விழுந்துவிட்டால் போதும். கீழமாரட் வீதி பக்கம் வந்துவிட்டதை வெங்காய வாசம் சொல்லும். புதுமண்டபத்தைத் தையல் மிஷின் சத்தம் சொல்லும் காலம் ஒன்று இருந்தது. கடைகளை அங்கிருந்து மாற்றியபோது மண்டபத்துக்கு நல்லது நடந்தது, அண்ணனுக்கு ஒரு அடையாளம் போனது.

கெடுப்பது அமைப்புக்கு மேல் நாம் அடுக்கி வைக்கிற சாமான்கள்தான். நடைபாதையில் டூவீலர், கடைப் பலகை, பாதி திறந்த சாக்கடை மூடி. ரயில் நிலையத்தில் காலடியில் நெருடும் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள், அழகுக்குப் பதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1965-இல் ஜப்பானில் செய்யிச்சி மியாகே என்பவர் உருவாக்கியது அது. நீளக் கோடு இருந்தால் ‘நடக்கலாம்’, புள்ளி இருந்தால் ‘நில், கவனி’. அந்தப் புள்ளி மேல்தான் நாம் பெட்டியை வைத்து உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரிக்கிறோம்.

சத்தமும் ஒரு தடைதான், பலருக்கு இது தோன்றாது. காதால் வழி பார்க்கிறவருக்குத் திருவிழா குழாய் ஒலிபெருக்கி என்பது நமக்கு நடுத்தெருவில் கரண்ட் போன மாதிரி. ஆனால் எல்லாச் சத்தமும் கெடுதல் இல்லை. “தெப்பக்குளம், முனிச்சாலை, தெப்பக்குளம்!” என்று ஷேர் ஆட்டோக்காரர் கத்துவது நமக்குத் தலைவலி, அண்ணனுக்கு அது பெயர்ப் பலகை. நவீனமான பஸ் எல்இடி விளக்கில் ஊர் பெயரை அழகாக ஓடவிட்டுக்கொண்டு மௌனமாக வந்து நிற்கும். அப்போதுதான் அவர் பக்கத்தில் நிற்பவரிடம் “இது எந்த பஸ்ணே?” என்று கேட்க வேண்டி வருகிறது.

வழி கேட்டால் நாம் சொல்லும் பதில் இருக்கிறதே! “நேரா அங்கிட்டுப் போயி, அந்தா தெரியுது பாருங்க, அதுல இங்கிட்டுத் திரும்புங்க.” கையை நீட்டாமல் மதுரைக்காரருக்கு வழி சொல்ல வராது. ‘இருபது அடி நேராப் போங்க, வலது கைப்பக்கம் டீக்கடைச் சத்தம் கேக்கும், அதைத் தாண்டி இடது’ என்று சொல்லிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். இன்னும் சிலர் வழி சொல்லவே மாட்டார்கள், கோல் பிடித்த கையைப் பற்றித் தரதரவென்று ரோட்டைக் கடத்திவிட்டுத்தான் விடுவார்கள், அவர் கடக்க வந்தாரா என்று கேட்காமலே. உதவுவதென்றால் முதலில் வாயால் கேட்க வேண்டும், வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி கொடுத்து அரை அடி முன்னால் நடக்க வேண்டும். ஹோட்டலில் கூட வந்தவரிடம் “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்கும் சர்வர், கல்யாண வீட்டில் தோளைத் தட்டி “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று குரல் பரீட்சை வைக்கும் மாமா, இவர்களெல்லாம் கெட்டவர்கள் இல்லை. பெயரைச் சொல்லிவிட்டுப் பேசலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்வையற்றவர் தேர்வில் விடையை வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். ஸ்க்ரைப் என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அண்ணனின் தமிழ் இலக்கணத் தாளுக்கு எழுதப் போனவன் நான். அவர் தமிழ் இலக்கியம், நான் பி.காம். கேள்வி, வல்லினம் மிகும் இடங்கள். அவர் சூத்திரத்தோடு, உதாரணத்தோடு, மூச்சு விடாமல் சொன்னார். நான் அதைப் பல இடங்களில் ஒற்றே இல்லாமல் எழுதி வைத்தேன். ‘ஒற்று மிகும்’ என்பதற்குக் கொடுத்த உதாரணத்திலேயே ஒற்று மிகவில்லை! தாள் திரும்பி வந்தபோது மார்க் குறைந்திருந்தது. யாரோ வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. கோபப்படவில்லை. “கண்ணுடையர் என்பவர் கற்றோர்னு வள்ளுவர் சொல்லியிருக்கார். அந்தக் கணக்குல எனக்குக் கண்ணு ரெண்டும் இருக்கு. எனக்கு எழுத வந்த பயலுக்குத்தான் முகத்துல ரெண்டு புண்ணு” என்றார். அன்றைக்கு அந்தத் தேர்வு அறையில் குறைபாடு அவரிடம் இருந்தது. அவர் மார்க்கைக் குறைத்தது என் ஒற்றுப் பிழை. தானே தட்டச்சு செய்து சரிபார்க்க ஒரு கம்ப்யூட்டர் இருந்திருந்தால் நான் அந்த அறைக்குள்ளேயே போயிருக்க மாட்டேன்.

இப்போது நான் டிடிபி கடை வைத்திருப்பதால் கம்ப்யூட்டர் பக்கத்துத் தடை நன்றாகத் தெரியும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்விடிஏ என்று ஒன்று, ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்தது, இலவசம். போனிலும் டாக்பேக் என்று அதே வசதி வந்துவிட்டது. ஆனால் நாம் கொடுப்பது வாசிக்கும்படி இருக்க வேண்டுமே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கண்ணுக்குத் ‘தமிழ்’ தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே உள்ளே வைக்கும் யூனிகோடு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பழைய எழுத்துருவில் அடித்து, பிரிண்ட் எடுத்து, அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் படம், வாசிக்க உள்ளே எழுத்தே கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, துக்கச் செய்தி எல்லாம் இதே கதிதான். யார் இறந்தார் என்று தெரிய இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்.

அப்படியென்றால் எல்லாமே சமூகத்தின் தப்புதானா? இல்லை, இந்தக் கருத்தை விமர்சிக்கிறவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்குள்ளேயே உண்டு. வலி, சோர்வு, இழப்பு எல்லாம் உடம்போடு வருவது, அதை நடைபாதை ஓட்டால் தீர்க்க முடியாது என்கிறார்கள். நான் ஒரு நாள் ரொம்ப உற்சாகமாக இதையெல்லாம் அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, “நோட்டைச் சரி பண்ணு, ரோட்டைச் சரி பண்ணு, எல்லாம் சரி தம்பி. எம் மக சிரிக்கிறப்ப எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதுல்ல” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இழப்பு குறைபாட்டின் கணக்கு. அதே மகளின் பள்ளியில் விண்ணப்பம் நிரப்ப முடியாமல் நின்றது இயலாமையின் கணக்கு. முதலாவதை எந்தச் சட்டத்தாலும் துடைக்க முடியாது.

சட்டம் இரண்டாவதோடுதான் மல்லுக்கட்டுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 2006-இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் சேர்ந்தது. அதன்படி வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள், அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு (அதில் 1 சதவீதம் பார்வைக் குறைபாட்டுக்கு), உயர்கல்வியில் 5 சதவீதம். இதில் முக்கியமானது ‘நியாயமான ஏற்பாடு’ என்ற சொல்: ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான மாற்றத்தை, தாங்க முடியாத சுமையாக இல்லாதவரை, எதிர்த்தரப்பு செய்து தர வேண்டும். பார்வையில்லை என்பதற்காக ஒருவரை நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. பார்வையற்ற மதுரைப் பெண் பூர்ண சுந்தரி 2019 குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பிடித்தபோது ஊரே ‘சாதனை’ என்றது. சாதனைதான். ஆனால் அத்தனை புத்தகத்தையும் ஒலியாக்கித் தர வீட்டாரும் நண்பர்களும் வாய் வலிக்க உழைக்க வேண்டியிருந்ததே, அதைப் பற்றி யாரும் தலைப்புப் போடவில்லை.

பெயர் விஷயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது நல்லதுதான். ‘குருட்டு நம்பிக்கை’, ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டு ஆளை மட்டும் மரியாதையாகக் கூப்பிடுவது அண்ணனுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நோட்டு விஷயம் இப்போது ஓரளவு பரவாயில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலி கொண்டுவந்தது, நோட்டைப் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். 2019-இல் வந்த நாணய வரிசையும் தடவிப் பிரிக்கத் தோதாகச் செய்தது, 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பட்டை. ஆனாலும் கூட்டமான டீக்கடையில் ஒவ்வொரு நோட்டாகப் படம் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அண்ணன் வழக்கமாகப் போகும் கடைக்காரர் மிச்சம் கொடுக்கும்போது, “நூறு ஒண்ணு, அம்பது ஒண்ணு, இருபது ரெண்டு சார்” என்று பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கி, சொல்லிச் சொல்லிக் கையில் வைக்கிறார். கிளாஸை வைக்கும்போது டொக்கென்று ஒரு தட்டு, “வலது கைப்பக்கம்.” வாங்கிய நோட்டுகளை அண்ணன் அங்கேயே மடித்துவிடுவார்: நூறை நடுவில் ஒரு மடி, ஐம்பதை நீளவாக்கில், இருபது மடிக்காமல்.

போன மாதம் எங்கள் வீட்டுக் காதணி விழாப் பத்திரிகையை எல்லோருக்கும் படமாக அனுப்பினேன். அண்ணனுக்கு மட்டும் அதையே யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்தாக அனுப்பிவைத்தேன். ஐந்து நிமிடத்தில் போன்.

“தம்பி, தேதி, மண்டபம் எல்லாம் சரி. மேல தலைப்புல ‘அழைபிதழ்’னு வாசிக்குது. ப் எங்கடா?”